கல்லில் ஒரு சக்களத்தி

இன்று காலை விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும், நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த மாதிரி இருந்தது. மற்றப் பெண்களுக்குப் புருஷன் நினைவு பீடி வாசத்திலோ வேர்வையிலோ வரும். எனக்கு, நீங்கள் அவளுக்குப் பூசிய எண்ணெயில் வருகிறது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அவள் என்று நான் சொல்வது, மாதா கோயிலுக்கு முன்னால் நிற்கும் பழைய கற்சிலுவையைத்தான். கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமையே கூட்டிப்போய்க் காட்டினீர்கள். மூன்று படிப் பீடம், அதன்மேல் கவிழ்ந்த தாமரை, சதுரமாகத் தொடங்கி எட்டுப் பட்டையாக உயரும் தூண், கைகளின் நுனியில் மொட்டு. "கோயில் தூணு செதுக்குன கையி புள்ள. அதான் சிலுவைக்கு அடியிலயும் தாமரை பூத்திருக்குது" என்று ஒவ்வொரு பட்டையாகத் தடவினீர்கள். புதுச்சேலையில் நின்ற என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளி தவறாமல் அவளுக்கு எண்ணெய்க் காப்பு. உங்கள் அப்பா வழியில் வந்த முறை, குறுக்கே பேச முடியாது. "என்ற முட்டிக்கும் ஒரு சொட்டுத் தேச்சு உடுங்க" என்று கேட்டால், "நீயே தேச்சுக்குவ. அதுக்குக் கையிருந்தும் தேச்சுக்க முடியாதே" என்பீர்கள். கல்லானாலும் கணவன் என்பார்கள். எனக்குக் கல்லே சக்களத்தியாக வாய்த்தது.

நீங்கள் போனபின் நான் அந்தப் பக்கமே போகவில்லை. காய்ந்து கிடக்கட்டும் என்று விட்டேன். நேற்று நம் மகன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் மிஞ்சிய வெள்ளிப் பெயிண்டோடு வந்தான். "ரெண்டு கோட்டு அடிச்சா திருநாளுக்குப் பளபளன்னு நிக்குமுங்கம்மா. அப்பறம் எண்ணெயே வேண்டாமுங்க." எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. அவள் முகம் மூடப்படுவதைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

கல் முழுக்க வெளுத்திருந்தது. தூணின் ஒரு பட்டையில் மட்டும், உங்கள் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து மின்னியது. எண்ணெய் பூசும்போது நீங்கள் இடக்கையை ஊன்றும் இடம். அவன் பிரஷ்ஷை முக்கிவிட்டான்.

"வேண்டாஞ் சாமி, அதக் கீழ வையி."

"ஏனுங்கம்மா?"

"உங்கப்பன் கைய வெச்ச எடம்."

இன்று நானே புட்டியோடு போய் அவளுக்குத் தேய்த்தேன். உங்கள் கை இருந்த இடத்தில் என் கையை ஊன்றிக்கொண்டேன். அந்தத் தடம் அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. இந்தப் பொறாமை என்னோடு மண்ணுக்குத்தான் போகும். கையில் மிஞ்சிய எண்ணெயைப் பீடத்துப் படியிலேயே உட்கார்ந்து என் முட்டியில் தேய்த்துக்கொண்டேன். அவள் பார்க்கட்டும்.