நாலாவது போட்டி வேண்டாம்

அன்புள்ள தச்சர் அண்ணனுக்கு,

உங்களோடு மூன்று முறை மோதிய இடக்கையன் எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். எனக்கு அது தெரியாததால் கேள்வியாகவே கேட்கிறேன்: சௌக்கியமா இருக்கீங்களா அண்ணே?

மூன்று போட்டியிலும் சேர்த்து இருபத்தைந்து ரவுண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொண்டோம். பேசிய வார்த்தைகளை எண்ணினால் இருபது தேறாது. ஆனாலும் யோசித்துப் பார்த்ததில், எழுதுவதற்கு உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. என் மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து அழுதது போதும்" என்றாள். என் சட்டைகளையெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டுத்தான் போனாள்.

நான் இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வீடு திரும்பும் நாட்கள் உண்டு. என் மூக்கைப் பார்த்துப் புதிதாக வந்தவர் ஒருவர், "பைக்லேர்ந்து விழுந்தீங்களா?" என்று கேட்டார். குத்துச்சண்டை என்றேன். "அதெல்லாம் இன்னும் நடக்குதா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதன்பிறகு யார் கேட்டாலும் பைக் என்றே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சி எடுத்த கூடத்தில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். குத்துப்பை தொங்கிய கொக்கியில் மின்விசிறி ஓடுகிறது.

நமது முதல் போட்டியில் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். நீங்கள் ஜெயித்தீர்கள். அடுத்த வருஷம் பட்டப் போட்டி உங்களுக்குத்தான் என்றார் ஏற்பாட்டாளர். இரண்டாவதில் நான் ஜெயித்தேன். அதே அடுத்த வருஷத்தை எனக்கும் கொடுத்தார். ஒன்பது வருஷம் அது வரவே இல்லை. மூன்றாவது போட்டி உங்களுக்கு மறந்திருக்காது. ஐந்தாவது ரவுண்டிலேயே நாற்காலி வாடகைக்கு விட்டவர்கள் காலி வரிசைகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் குத்தைவிட அந்த டமார் டமார்தான் எனக்கு வலித்தது. இருவரும் கட்டிப் பிடித்து நின்றபோது என் காதில் கேட்டீர்கள்: "எத்தன பேருடா இருக்காங்க?" நான், "நாப்பது இருக்கும்ணே" என்றேன். நீங்கள் கிண்டல் செய்வதாக நினைத்து நான் சிரித்ததில் என் பல்காப்பு கீழே விழுந்தது. நடுவர் என்னைத் திட்டினார். அன்று யாருக்கும் வெற்றியில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஏற்பாட்டாளர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். நமக்குள் நாலாவது போட்டி, 'பழைய பகையின் கடைசிக் கணக்கு' என்று போஸ்டர் அடிக்கப் போவதாகச் சொன்னார். பகை என்று ஒன்று எப்போது இருந்ததோ தெரியவில்லை. தச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார், நீதான் பாக்கி என்றார். நானும் சரியென்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், வீட்டுக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்து என் கையால் டீ வாங்கிக் குடித்தது இந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பரிசோதனை செய்த டாக்டர் மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் வந்தது. அவர் ஏற்பாட்டாளரின் ஆள். "குத்துறதுக்கு எதுக்குய்யா வார்த்தை?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதைப் பற்றி நான் கவலைப்பட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

ஆனால் நான் பின்வாங்கியது அதனால் இல்லை. போஸ்டருக்குப் படம் எடுக்க வந்த அன்று பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கையைப் பார்த்தேன். மூன்று விரல் நகங்கள் சுத்தியல் பட்டுக் கறுத்திருந்தன. இத்தனை வருஷம் தச்சு வேலை செய்கிறவருக்கு ஆணி எங்கே, விரல் எங்கே என்று தெரியாதா? வெளியே போகும்போது அண்ணி உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு படி இருக்கு... இப்ப தரை" என்று மெதுவாகச் சொன்னார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் மங்கியது இடது கண்தானே? இரண்டாவது போட்டியில் அது வீங்கி மூடிய பிறகும் நான் அதன் மேலேயே குத்தினேன். என் மூலையில் நின்றவர்கள் அப்படித்தான் குத்தச் சொல்லிக் கத்தினார்கள். மணி அடிக்கும்வரை நான் நிறுத்தவில்லை. நான் ஜெயித்த ஒரே பெரிய போட்டி அது. அதன் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். இப்போது கழற்றிவிட்டேன்.

நேற்று ஏற்பாட்டாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். பயந்துட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்களுக்கு எதிராக வேறு ஆளை நிறுத்துவதாகச் சொல்கிறார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். என் மேல் பழி போடுங்கள். இடக்கையன் ஓடிவிட்டான், வேறு யாரோடும் மோத எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு ஒரு குறையும் வராது. கடிதத்தை அண்ணிதான் படித்துக் காட்டுவார் என்று நினைக்கிறேன். அண்ணி, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை படியுங்கள்.

ஒரு நாள் இருவரும் இங்கே வாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நேர் ரோடு, மேடு பள்ளம் கிடையாது. வீடு கீழ்த்தளம்தான், படியில்லை. சீக்கிரம் வந்தால் நல்லது. கதவைத் திறந்ததும் யார் என்று நான் கேட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். தச்சர் வந்திருக்கேன்டா என்று கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். அப்படியும் நான் விழித்தால், சும்மா உள்ளே வந்து உட்கார்ந்துவிடுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
இடக்கையன்