மாப்பிள்ளையின் முழங்கை

11 மே 1981, திங்கள்

காலை ஏழு மணிக்கே அனல். மாரெட்பள்ளி வீட்டுச் சாவி கைக்கு வந்தது. பழைய ஓட்டு வீடு, மூன்று அறை, ஒரு கிணறு, எண்ண முடியாத பல்லிகள். 24ஆம் தேதி போதகர் வந்து ஜெபம் செய்கிறார், அன்றே குடிபோவது. அதற்குள் முடிய வேண்டியவை: ஓடு மாற்ற. சுவர் பூச. குழாய். சமையலறையில் நின்று சமைக்க ஒரு மேடை.

கடைசி ஒன்று போதும் எனக்கு. மாமியார் வீட்டில் ஒன்பது வருடம் தரையில் உட்கார்ந்து சமைத்து இடுப்பு போயாச்சு. நிமிர்ந்து நின்று, ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒரு குழம்பு வைக்க வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

13 மே, புதன்

கொத்தனார் வேண்டாமாம். அப்பா தீர்ப்பு. ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குக் கை அரிக்கிறது. முப்பத்தாறு வருடம் ரயில்பெட்டிகளைப் பழுது பார்த்தவருக்கு ஒரு வீடு எம்மாத்திரம்? அண்ணனும் அதே ஒர்க்‌ஷாப், லீவு போட்டு வந்திருக்கிறான். என் வீட்டுக்காரர் எஸ்., பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து நேரே செங்கல் சுமக்கிறார். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறார்.

16 மே, சனி

ஓடு ஆயிற்று. குழாய் ஆயிற்று. எல்லாக் கதவுக்கும் ரயில்பெட்டித் தாழ்ப்பாள். திறக்க இரண்டு கையும் ஒரு காலும் வேண்டும். சமையலறைக் கதவின் பின்னால் வெள்ளைப் பெயின்டில் அப்பா எழுத்து: பழுது பார்த்த தேதி, அடுத்துப் பழுது பார்க்க வேண்டிய தேதி.

"எழுதாம பெட்டிய வெளிய விடக்கூடாதுட்டி."

இது பெட்டி இல்லையே அப்பா என்றேன். காதில் விழவில்லை. கக்கூஸில் 'ஸ்டேஷனில் நிற்கும்போது உபயோகிக்காதே' எழுதவில்லையா என்று எங்கள் பாப்பா அவரிடம் ஹிந்தியில் கேட்டாள். ஏழு வயசுக்கு வாய் அதிகம். அப்பா யோசித்த மாதிரி இருந்தது. பயமாக இருக்கிறது.

19 மே, செவ்வாய்

மல்லாபூர் ஆபீசில் நாள் முழுக்க டைப். விரல் நுனியெல்லாம் எரிச்சல். பஸ்ஸில் நின்றே வந்தேன். வந்தால், மேடை தயார்! கறுப்புக் கடப்பாக்கல், அடியில் இரும்பு ஆங்கிள், சுவருக்குள் போல்ட். யானை ஏறினாலும் அசையாது. அப்பா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

ஓடிப் போய் நின்றேன். கல் என் நெஞ்சுக்கு வந்தது. ஸ்டவ்வை ஏற்றி வைத்தால் குழம்பு என் மூக்குக்கு நேரே கொதிக்கும்.

"என்ன அளவுப்பா இது?"

"ஒர்க்‌ஷாப் அளவுட்டி. பெஞ்சுன்னா வேலை பாக்கவன் முழங்கை உயரம். ஒரு நூல் பிசகாது."

"யார் முழங்கை?"

அண்ணன் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தான்.

"மாப்பிள்ளை சும்மாதான் நின்னுக்கிட்டிருந்தாவ," என்றார் அப்பா. "வீடும் அவுக பேர்லதான இருக்கு."

எஸ். ஆறடி. நான் நாலடி பத்து அங்குலம்.

"நிக்கச் சொன்னாவ, நின்னேன்," என்கிறார் எஸ். கல்யாணத்தன்றும் இப்படித்தான் வந்து நின்றிருப்பார்.

அழுதேன். கோபம்தான். அங்கே வேலை பார்க்கப்போவது யார் என்று மூன்று ஆம்பிளைகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாப்பிடவில்லை.

21 மே, வியாழன்

உடைக்க முடியுமா என்று கேட்டேன். பாதிச் சுவரும் கூட வரும் என்கிறான் அண்ணன். அதில் ஒரு பெருமை வேறு. மாற்று ஏற்பாடு: தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டையில் ஒரு துண்டு, மேடைக்கு முன்னால். ஏறி நின்றேன். உயரம் கச்சிதம். சந்தோஷத்தில் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். கட்டை முடிந்துபோனது தெரியவில்லை.

கணுக்கால் வீக்கம். "உஸ்பே நக்கோ சடோ மம்மி," ஏறவே ஏறாதே என்று பாப்பா அதட்டல். அப்பா கட்டையைப் பார்க்கிறார், என் காலைப் பார்க்கிறார், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

"உடைச்சிருவோம்ட்டி," என்றார் கடைசியில். பாவமாகப் போய்விட்டது. ஜெபம் முடியட்டும் என்றேன்.

24 மே, ஞாயிறு

மத்தியானம் திடீர் மழை, பிறகு புழுக்கம். சபையிலிருந்து இருபத்திரண்டு பேர். போதகர் அறை அறையாக ஜெபித்தார். சமையலறையில், "இங்கே நின்று பிரயாசப்படப்போகிற உம்முடைய அடியாளை" என்றதும் அண்ணனுக்கு இருமல்.

அடுத்து டீ. எனக்குப் பட்டுப்புடவை, வீங்கிய கால். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எஸ்.ஸைப் பார்த்தேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, அவரே வந்தார். கட்டையை ஓரமாகத் தள்ளினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். முதுகு வளையவில்லை, தோள் தூக்கவில்லை. பார்க்கவே அழகாக இருந்தது, சொல்வதற்கென்ன. அப்பா வாசற்படியில் நின்று முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை என் காதோரம் பல்லைக் கடித்தார்கள். "எம்புள்ளைய அடுப்பு முன்னால நிக்க வச்சிட்டியே!"

"நான் எங்க அத்தை வச்சேன்? அவுகளுக்கு அளவெடுத்துல்லா கட்டியிருக்கு."

உடைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

31 மே, ஞாயிறு

ஒரு வாரமாக எஸ். சமையல். சோறு குழைகிறது. ரசம் பரவாயில்லை. இன்று புளிக்குழம்பு. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, காலை முக்காலியில் நீட்டியபடி, நான் சொல்லச் சொல்ல வைத்தார். ருசி என் குழம்புக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கால் செவ்வாய்க்கிழமையே சரியாகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.