நாலு ஒயர் உனக்கு, நாலு ஒயர் எனக்கு

அண்ணா,

என் வீட்டுச் சுவரில் நீ பதித்த அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை இன்று ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தேன். முதலில் வந்தது உன் நீல இன்சுலேஷன் டேப்பின் பசை நாற்றம். எதை ஒட்டினாலும் தேவைக்கு மேல் மூன்று சுற்று சுற்றுவாய். பிரிக்கப் போகிறவன் நான்தான் என்று தெரிந்தே சுற்றியதுபோல் இருந்தது.

நீ போன பிறகு அண்ணி மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். கிளம்பும்போது மொட்டை மாடி அறையின் சாவியைக் கையில் கொடுத்தார். அப்பா இறந்து, கீழ்வீடு உனக்கு, மேல்வீடு எனக்கு என்று பாகம் பிரித்த நாளிலிருந்து அது உன் இடுப்பில்தான் தொங்கியது. "மாடி பொது. பொதுவானது பெரியவன்கிட்டதான் இருக்கணும்" என்றாய். நீ சொன்னால் அது சட்டம்.

இன்டர்நெட்டும் பொது. மாடி அறையில் மோடம். அங்கிருந்து சுவருக்குள் ஒரே கேபிள், முதலில் என் வீட்டுக்கு, பிறகு உன் வீட்டுக்கு. ஆள் வைக்காமல் நீயே இழுத்தாய். வேகம் போதவில்லை என்று மூன்று மடங்கு வேகமான திட்டத்துக்கு மாறினோம். மாறியும் இரண்டு வீட்டிலும் பழைய வேகம்தான். உனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. தாம்பரத்தில் முன்வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சினால் பின்வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினாய்.

உன் மகளின் நிச்சயதார்த்தம், குரோம்பேட்டை மண்டபம். சம்பந்தி ஏதோ பேச வேண்டுமே என்று, "உங்க ஏரியால நெட் எப்படி சார்?" என்று கேட்டார்.

"ஏரியா நல்லாதான் இருக்கு சார். இதோ நிக்கறானே என் தம்பி, இவன் மேல உக்காந்துகிட்டு மோட்டார் போட்டு உறிஞ்சிடறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சின்ன வயசுலேருந்தே இவனுக்குக் கை கொஞ்சம் நீளம்."

காட்டாங்குளத்தூரில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தருகிறவன், கையில் பாயசக் கிண்ணத்தோடு அந்தச் சிரிப்புக்கு நடுவே நின்றேன். அன்றைக்குப் பிறகு உன்னோடு பேசவில்லை. ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கினோம். கடைசி நாட்களில் மருத்துவமனையில்கூட நீ சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வாய் என்று கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். நீ மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாய். அவ்வளவுதான்.

இப்போது கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்குக்கு யாரும் இல்லை. உன் நியாயப்படி எனக்கு வேகம் கொட்ட வேண்டும். அளந்து பார்த்தேன். ஒரு துளி கூடவில்லை.

லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் மோடத்தில் நேராகச் செருகினேன். முழு வேகம். கீழே வந்து என் வீட்டுச் சுவரில் செருகினேன். மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் கம்பெனிமேல் தப்பில்லை, வைஃபைமேலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், சுவருக்குள்தான் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பெட்டியைத் திறந்தேன்.

அந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய ஒயர்கள் உண்டு. புதிய வேகத்துக்கு எட்டும் வேண்டும். நாலு மட்டும் இருந்தால் பழைய வேகத்தோடு நின்றுவிடும். நீ நாலை உருவி என் பக்கம் முறுக்கியிருந்தாய், மீதி நாலைக் கீழே அனுப்பியிருந்தாய். வீட்டைப் பிரித்த அதே கை. இரண்டு வீட்டின் கழுத்தையும் சமமாக நெரித்திருக்கிறாய். என் நாலிலிருந்து உன் நாலுக்குள் கை விட வழியே இல்லை, அண்ணா. நீளமான கையாக இருந்தாலும்.

அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அவரே இல்ல. இப்ப இது எதுக்கு தம்பி?"

"எனக்கு வேணும் அண்ணி."

"சரி, நீங்க எடுக்கல. போதுமா?"

போதவில்லை. அவரே தொடர்ந்தார்: "கீழ யாரு இருக்கா? எட்டையும் நீங்களே சேர்த்துக்கோங்க."

சேர்த்துக்கொண்டேன். உன் டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, மாடி முனையிலும் என் பக்கமும் எட்டையும் வரிசையாகப் பொருத்தினேன். முழு வேகமும் வந்துவிட்டது. உன் வீட்டு ரவுட்டரில் எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்திருக்கும். இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

நீ இருந்தவரை தொடாத உன் பங்கை இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறேன். கேட்க ஆள் இல்லாத நாளில். மண்டபத்தில் நீ சொன்னதை இனி யாரும் திரும்பப் பெறப் போவதில்லை. வீடு, ஒயர் என்று எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தவன், அந்த ஒரு சொல்லை மட்டும் முழுதாக எனக்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.