நிறம் போன தண்ணீர்

அம்மா, பெரிய செய்தி, உன் மகன் சாயத் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டான்!

மூட்டுவலி தேவலையா? நான் நலம். நெட்டில் படித்துப் படித்து, இரும்பு ஆக்சைடை நானோ தூளாக நானே தயாரித்தேன். தண்ணீரிலுள்ள குரோமியம், செம்பையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். காந்தம் வைத்து இழுத்துவிடலாம். எங்கள் சாயப்பட்டறைத் தொட்டியில் போட்டேன். சிவப்பு காணாமல் போனது. மேனேஜர் சந்தோஷமாக வாய்க்காலில் திறந்துவிட்டார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்துச் செல்லாத்தாள் அம்மா அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் குடிக்கக் காட்டிக்கொண்டிருந்தார். உலோகம் போனதா என்று நான் சோதிக்கவே இல்லையம்மா, நிறத்தை மட்டும்தான் பார்த்தேன். ஓடிப்போய்த் தடுத்தேன், அதற்குள் மாடு குடித்துவிட்டது.

“செவப்பா வந்தப்ப நீ சொல்லாமயே தெரிஞ்சுது கண்ணு. இனி எதைப் பாத்துக் கண்டுபுடிக்கிறது?” என்றார்.

மாடு நேற்றிலிருந்து தீனி எடுக்கவில்லை. பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடினால் அது குடிக்கிற சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று அனுப்பு.

ஊருக்கு வரும் பாண்டித்துரை அண்ணனிடம் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புகிறேன். காலேஜ் லேபில் வேலை பார்க்கும் ஆஷா அக்காவிடம் கொடு. சோதித்து உடனே பதில் போடச் சொல். வீட்டில் யாரும் குடித்துவிடாதீர்கள், பார்க்க நல்ல தண்ணீராகவே இருக்கும்.

முனீஸ்