ஏலம் என்ற சொல்

ஆடி, செவ்வாய் இரவு

தம்பியின் மெயில் இன்று ஸ்பேமில் கிடந்தது. வந்து ஒரு மாதம் ஆகியிருக்கிறது. எங்களுக்குள் வந்த மனஸ்தாபத்துக்குப் பிறகு போனில் பேசக் கூச்சப்பட்டு எழுதியிருக்கிறான்: "அக்கா, குரங்கணித் தோட்டத்துல ஏலம் பூத்திருச்சு. ஏலம் பாக்க வர்றியா?"

வீட்டு ஏலம், நகை ஏலம் என்று வந்த விளம்பரங்களையெல்லாம் நான்தான் ஸ்பேம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் போடி மலையில் ஏலம் என்றால் ஏலக்காய்ச் செடியும்தான் என்று மெயிலின் ஸ்பேம் வடிகட்டிக்கு எப்படித் தெரியும்?

அது செய்வது, கல்லூரியில் நான் நடத்தும் நிகழ்தகவுப் பாடம்தான். கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பாதிரியார் யோசித்து வைத்த கணக்கு. முதலில் ஒரு சந்தேகத்தோடு தொடங்கு, சான்று வர வர அதைக் கூட்டு, குறை. ஒரு சொல் குப்பையில் எவ்வளவு வந்தது, நல்ல கடிதத்தில் எவ்வளவு வந்தது என்று பார்த்தே வடிகட்டியும் முடிவு செய்கிறது.

உடனே போன் செய்தேன்.

"மொதப் பூவெல்லாம் பிஞ்சாயிருச்சுக்கா. நீ வரமாட்டேன்னே நெனச்சிட்டேன்" என்றான். அப்புறம், "இன்னும் கொஞ்சம் பூ இருக்கு. வெரசா வா."

'ஸ்பேம் இல்லை' என்று அழுத்தினேன். வடிகட்டி தன் சந்தேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கும். தம்பி இனி எழுதவே மாட்டான் என்று நான் முடிவு கட்டியதற்கு எந்தச் சான்றும் இருக்கவில்லை.

கண் சொருகுகிறது. செடியின் அடியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு வெள்ளைப் பூக்கள், நடுவில் ஊதாக் கோடுகள். பனிக்குள் யாரோ ஏலம் கூவுகிறார்கள். ஒரு தரம். ரெண்டு தரம். மூணாவது தரத்துக்குள் நான் மலையேறிவிட வேண்டும்.