வாத்துக் கூட்டம் காத்திருக்காது, அக்கா

எங்கள் குழந்தைகள் நல அலுவலகத்தின் முடிசூடா மகாராணி, என் மங்கை அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் நாற்காலிக்கு வந்தவர் நல்லவர்தான். ஆனால் அவரைக் கேட்காமல் தும்மினால்கூட விளக்கம் எழுதித் தரவேண்டும். என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கல்லணை மதகுகள் தானாகத் திறந்து வழிவிடும் என்று அளப்பேனே, அந்த வீரன் இப்போது போனைப் பார்த்தபடி வரப்பில் நிற்கிறான்.

சென்ற வாரம் பாபநாசம் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் ஒரு சிறுமி வாத்து மேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் செல்வி. வாத்துக்காரரிடம் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். கால் முழுக்கச் சேற்றுப்புண்.

"மாமா, உங்க வண்டியில ஏறிக்கட்டுமா?"

"வண்டின்னா சொன்ன? புஷ்பக விமானம்மா இது! கொஞ்சம் இரு, ஆபீஸ்ல கேட்டுட்டு ஏத்திக்கிறேன்."

சிரித்தாள், அக்கா. நம்பிச் சிரித்தாள்.

போட்டோ அனுப்பினேன். "பதில் வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதீங்க" என்றார்கள். மறுநாள் மாலை அனுமதி வந்தது. வயலில் நெல் தாளும் வாத்து இறகும்தான் கிடந்தன. மேய்ச்சல் தீர்ந்தால் கூட்டம் நகர்ந்துவிடும் என்பது டெல்டாவில் பிறந்த எனக்குத் தெரியாதா?

உங்களை அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "தம்பி, அங்க நிக்கிறது நீ. உனக்குச் சரின்னு படுறதைச் செய். திட்டு விழுந்தா நான் வாங்கிக்கிறேன்." அந்த வார்த்தைக்காகத்தானே மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் ஓடினோம்?

நம்மோடு ஓடிய ரேவதி போன மாதம் கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். "அண்ணே, பிள்ளைங்க அழுகையைத் தாங்கிருவேன். சும்மா நில்லுங்கிறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்றாள். நானும் போய்விடலாமா என்று தினமும் தோன்றுகிறது. ஊரையே சிரிக்கவைக்கும் உங்கள் தம்பிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் ஊராக விசாரித்து என் எண்ணைக் கொடுத்துவைத்திருந்தேன். இன்று காலை முத்துப்பேட்டை பக்கமிருந்து ஒரு டீக்கடைக்காரர் அழைத்தார். "சார், நீங்க விசாரிச்ச வாத்துக் கூட்டம் இங்க இறங்கியிருக்கு. கூட ஒரு பொண்ணு நொண்டிக்கிட்டே நடக்குது."

அலுவலகத்துக்குத் தகவல் மட்டும் சொன்னேன், அனுமதி கேட்கவில்லை. அங்குள்ள காவல் நிலையத்துக்கு நானே பேசி, ஒரு பெண் காவலரை வயலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் போய்ச் சேரும்வரை செல்வி அங்கே இருப்பாளா?

இருந்தால், ஏற்றாமல் திரும்ப மாட்டேன். இல்லையென்றால் அடுத்த வயல், அதற்கும் அடுத்த வயல். வேலையை விடுவதா என்று அதற்கப்புறம் யோசிக்கிறேன். இந்த முறை திட்டு விழுந்தால் நானே வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் தம்பி,
வண்டியில் ஏறக் கேட்ட ஒருத்திக்கு மாமா