பதினான்கு மீட்டர் ஆழத்தில் ஒரு சுவர்

மார்ச் 3
தீவை அழிக்கும் வேலை எனக்கே வந்தது. துறைமுகத்தின் புது வரைபடத்தில் கோட்டைத் தீவு இருக்கக் கூடாது. பெரிய கப்பல்களுக்கு வழிவிட வெடி வைத்துத் தகர்த்தாயிற்று. இனி அங்கே ஆழத்தைச் சொல்லும் எண்கள் மட்டும். வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று மேலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 4
கரைக்கோடு, மதில், கலங்கரை விளக்கு – மதியத்துக்குள் எல்லாம் அழித்துவிட்டேன். பசித்தது. சாப்பிட்டேன்.

மார்ச் 9
வரைபடத்தின் பின்பக்கத்துக்குக் கோட்டையின் வரலாறு பத்து வரியில் வேண்டுமாம். எழுதினேன். பீரங்கிக்காகக் கட்டினார்கள், எதிரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு சிறை. பிறகு தொற்றுநோய்க்காரர்களை இறக்கிவிடும் இடம். கடைசியில் புறாக்கள். இருநூறு வருடம் ஒரு குண்டுகூடச் சுடாத கோட்டை, வெடித்ததெல்லாம் இடிக்கும்போதுதான்.

அண்ணி வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "இதுல அவரு எங்க வர்றாரு?" என்றாள்.

வரவில்லை. தீவைத் தகர்த்தபோது ஒரு வெடி வெடிக்காமல் கிடந்தது. பார்த்துவர, முக்குளிக்கும் வேலையில் இருந்த அண்ணன் நீருக்குள் இறங்கினான். மேற்குச் சுவர் சரிந்தது. அந்த வெடியை மறுநாளே எடுத்துவிட்டார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. பதினோரு மாதம் ஆகிறது.

மார்ச் 10
பதினோராவது வரியாக அண்ணனைச் சேர்த்தேன். மேலிடம் வெட்டிவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த தாளை எடுத்தேன்.

மார்ச் 12
அண்ணி தட்டைத் தள்ளிவிட்டாள். "கப்பலெல்லாம் அவரு மேலயே நங்கூரம் போடுமா?"

ஏன் அண்ணி இப்படி உயிரை எடுக்குறீங்க… வாய் வரை வந்தது. தட்டை எடுத்து வைத்தேன்.

மார்ச் 13
சரிந்த சுவரை யாரும் அகற்றவில்லை. ஆழம் பதினான்கு மீட்டர், அது போதும் என்று விட்டுவிட்டார்கள். நங்கூரம் சிக்கும்படி அடியில் ஏதாவது கிடந்தால் புள்ளி வட்டம் போட வேண்டும், அதுதான் எங்கள் முறை. கடலடியை அளவெடுத்தவர்கள் குறித்துத் தரவில்லை. சரி, நான்? எனக்குத் தெரியாதா அங்க சுவர் இருக்குன்னு? கண்ணு எங்க போச்சு?

வட்டம் போட்டேன்.

மார்ச் 16
மேலாளர் பூதக்கண்ணாடியை வட்டத்தின் மேல் நிறுத்தினார். "இங்க என்னம்மா கெடக்கு?"

"சுவர் சார்."

என்னையே பார்த்தார். பிறகு அளவெடுத்தவர்களுக்குப் போன் போட்டார். சுவர் கிடப்பது உண்மைதான் என்றார்களாம். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 2
அச்சான வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வரலாற்றுப் பக்கத்தை அண்ணி திருப்பவே இல்லை. வட்டத்தைக் காட்டி, இனி இங்கே எந்தக் கப்பலும் நங்கூரம் போடாது என்றேன். அதன் மேல் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், சாப்பிட என்ன இருக்கு என்று கேட்டாள்.

தட்டு எடுக்கப் போன இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.